சொல்லால் புண்பட்டவரிடம் திரும்பிப் போவது எப்படி: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ ஒரு கல்யாண மண்டபத்தில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்ட வார்த்தை, பத்து வருடம் கழித்துக் கருமாதி வீட்டில் வந்து நிற்கும். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். காரணம் கேட்டால் சொத்து என்பார்கள். இன்னும் கொஞ்சம் தோண்டினால் சொத்துப் பேச்சுக்கும் முன்னால் ஒரே ஒரு வாக்கியம் கிடைக்கும்.

அந்த வாக்கியத்தைச் சொன்னவருக்காக எழுதியது இது. சொன்னது தப்பு என்று தெரிந்துவிட்டது, போய்ச் சரிசெய்ய வேண்டும், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்று தவிப்பவருக்காக. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்பதே முதல் வேண்டுகோள். நல்ல மனதோடு போனவர்களின் முயற்சிகூடக் கெட்டுப்போவது, எதிரில் இருப்பவர் பேசும் முன்பே மன்னிப்பைக் கொட்டிவிடுவதால்தான்.

1. போகும் முன் பார்க்க வேண்டியவை

முதலில், இது உங்களுக்கான வழிதானா என்று பாருங்கள். வசையோடு அடியும், மிரட்டலும், பணத்தைப் பிடித்துவைப்பதும் சேர்ந்திருந்தால் அது பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வாயால் செய்யும் கொடுமையையும் மனதளவில் செய்யும் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் அருகிலுள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். 0800 428 428 என்ற இலவச உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். அப்படிப்பட்ட வீட்டில் "உட்கார்ந்து பேசுங்கள்" என்று சமாதானம் செய்யப் போவது பாதிக்கப்பட்டவரை மறுபடி அதே அறைக்குள் தள்ளுவதாகும்.

அது இல்லையென்றால் தேவையானவை கொஞ்சம்தான்: ஒரு தாள், ஒரு பேனா, இடையூறு இல்லாத ஒன்றரை மணி நேரம். பேச்சு முக்கால் மணியில் முடிந்துவிடலாம். அதற்குப் பிறகு ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கடிகாரத்தைப் பார்க்கும் ஒரு பார்வை, அதுவரை கேட்டதையெல்லாம் அழித்துவிடும்.

மூன்றாவது ஆள் வேண்டுமா? இரண்டு பேரும் ஒரே அறையில் பத்து நிமிடம் கத்தாமல் இருக்க முடியும் என்றால் வேண்டாம். முடியாது என்றால் ஒருவரை அழைக்கலாம். அவருக்கு இந்தச் சண்டையில் லாபமோ நஷ்டமோ இருக்கக் கூடாது. நேரம் பார்ப்பதும், குரல் உயர்ந்தால் நிறுத்துவதும் மட்டுமே அவர் வேலை. யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். பஞ்சாயத்தில் தோற்றவர் வீட்டுக்குப் போய்ப் பழைய காயத்தோடு புதுக் காயத்தையும் வைத்துக்கொள்வார்.

2. சொன்னதை அப்படியே எழுதுங்கள்

தாளில் உங்கள் வாயிலிருந்து வந்த வாக்கியத்தைச் சொல் மாறாமல் எழுதுங்கள். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் ஆங்கிலத்தில், தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்லியிருந்தால் கலந்தே. கீழே எந்த இடம், எந்த நாள், யார் யார் கேட்டார்கள், எந்தத் தொனி என்று குறியுங்கள்.

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. சொன்னவரின் நினைவு சொல்லை மெலிதாக்கிவிடும். "ஏதோ கோபத்தில் ரெண்டு வார்த்தை சொல்லிட்டேன்" என்பார். கேட்டவருக்கோ அந்த வாக்கியம், அதில் இருந்த இடைவெளி, பக்கத்தில் சிரித்த ஆள் உட்பட எல்லாம் நினைவிருக்கும். நீங்கள் மெலிந்த வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்டால், உண்மையான வாக்கியம் அப்படியே கிடக்கும்.

சரியாக நினைவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். போய்ப் பேசும்போது "எனக்கு முழுசா ஞாபகம் இல்ல, நீங்க சொல்லுங்க, நான் மறுக்க மாட்டேன்" என்று சொல்வது நேர்மையானது. இல்லாத நினைவை இட்டுக்கட்டுவது கூடாது.

3. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பழைய புண்ணைத் தேடுங்கள்

ஒரே சொல் இரண்டு பேருக்கு ஒரே எடையில் இருக்காது. அந்தச் சொல் எதிரில் இருப்பவரிடம் எதைத் தொட்டது என்று தெரியாமல் போனால், "இதுக்குப் போயா இவ்வளவு?" என்ற கேள்வி உங்கள் முகத்திலேயே எழுதியிருக்கும்.

கூலி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அது உழைப்புக்குக் கிடைக்கும் காசு. கூலி வேலை, கூலி உயர்வு என்று செய்தித்தாளில் தினமும் வரும். இங்கே கதை வேறு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தத்தில் டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் வெட்டியவரையும், தோட்டத்தை விட்டுக் காய்கறி விற்கப் போனவரையும், படித்து வக்கீலானவரையும் ஒரே சொல்லால் அழைத்து மட்டம் தட்டினார்கள். நம் மொழியில் புழங்கும் சொல்லே நம் மேல் எறியும் கல்லாக மாறியது. ஆகவே வேலை விஷயமாகச் சென்னையிலிருந்து வந்தவர், சாப்பாட்டு மேசையில் சாதாரணமாக "உங்க கொள்ளுத்தாத்தா கூலியாதானே வந்தாரு?" என்று கேட்டால், கேள்வி கேட்டவருக்கு அது வரலாறு. எதிரில் இருப்பவருக்கு அது பள்ளிக்கூட வாசலில் கேட்ட வசை.

இன்னொன்று தமிழ் நாக்கு பற்றியது. இங்குள்ள பெரும்பாலான தமிழ் வீடுகளில் பேச்சு ஆங்கிலமாகிவிட்டது. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பலர் தேவாரம் பாடுகிறார்கள். அப்படிப் பாடும் ஒரு பெண்ணிடம் "தமிழச்சின்னு சொல்றீங்க, ழ வரலையே" என்று சிரித்தால், அவர் ழகரத்தைத் திருத்திக்கொள்ள மாட்டார். அடுத்த வாரம் பாடவே வர மாட்டார். நம் கோயில்களில் இது நடக்கிறது. அடியும் இல்லை, வசையும் இல்லை என்பதால் இதை யாரும் காயத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

நிறம், குழந்தையின்மை, விவாகரத்து, வேற்றினத்தில் செய்த திருமணம், வேலை போனது ஆகியவற்றைத் தொட்ட சொற்களும் இதே வகை. உங்கள் வாக்கியத்தை வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். நான் குத்திய விஷயத்தை அவரால் மாற்றிக்கொள்ள முடியுமா? இதே சொல்லை இதற்கு முன் வேறு யாராவது அவர் மேல் எறிந்திருக்கிறார்களா? அவர் என்னிடம் நம்பிச் சொன்ன ஒன்றையே நான் ஆயுதமாக்கினேனா? மூன்றாவதுக்கு ஆம் என்றால் வேலை நீளமாக இருக்கும். சொல்லோடு நம்பிக்கையும் உடைந்திருக்கிறது.

4. உடனே ஓடாதீர்கள், ஆனால் மறையவும் கூடாது

கோபம் உடம்பில் இருக்கும்போது காது வேலை செய்யாது. தம்பதியரின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டுக் குறைந்தது 20 நிமிடம் விலகியிருக்கச் சொல்கிறார். அந்த 20 நிமிடத்தில் "அவள் மட்டும் என்ன யோக்கியமா" என்று மனதுக்குள் வாதம் நடத்திக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்காது. நடங்கள், பாத்திரம் கழுவுங்கள்.

அன்றைக்குள் ஒரு சின்னச் செய்தி போகட்டும்: "இன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீங்க எப்போ சொல்றீங்களோ அப்போ வந்து கேட்டுக்கிறேன்." இவ்வளவு போதும். முழு மன்னிப்பையும் அந்த முதல் மணி நேரத்திலேயே அனுப்பக் கூடாது. புண்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லி, அது கேட்கப்பட்ட பிறகு வரும் மன்னிப்புக்குத்தான் பலன் அதிகம் என்று 2005இல் ஃபிரான்ட்ஸ், பெனிக்சன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவசர மன்னிப்பு "சரி, விஷயம் முடிஞ்சுது" என்று வாயை அடைப்பது போலத்தான் விழும்.

வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம். நான்கு நிமிட அழுகைக் குரல் ஒன்று அடுத்த ஒரு மணி நேரத்தில் ஜோகன்னஸ்பர்க் அக்கா வரைக்கும் போய்விடும். பிறகு அது உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் விஷயமாக இருக்காது.

5. முதலில் கேளுங்கள்

மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். அவசரப்படாதீர்கள்.

இடம் அவர் தேர்வு. உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். புண்பட்டவரே படியேறி வர வேண்டிய நிலை ஏற்படும். கோயில் மண்டபமும் வேண்டாம், யாராவது நடுவில் வந்து தோளில் கை போட்டுச் "சரி சரி, விடுங்க" என்று கலைத்துவிடுவார்கள். நேருக்கு நேர் உட்கார்ந்தால் வாயே திறக்காதவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாக நம் வீட்டு ஆண்கள். அவர்களோடு டர்பன் கடற்கரை நடைபாதையில் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது நல்லது. கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது உண்மை வெளியே வரும்.

தொடக்கம் ஒரே வாக்கியம்: "நான் பேச வரல, கேக்க வந்தேன்." பிறகு ஒரு கேள்வி: "அன்னைக்கு நான் அப்படிச் சொன்னப்போ உங்களுக்கு என்ன ஆச்சு?" அதற்குப் பிறகு 20 நிமிடம் உங்கள் வாய் திறக்கக் கூடாது. மூன்றாவது ஆள் இருந்தால் அவர் நேரம் பார்க்கட்டும். 20 நிமிடம் ரொம்ப நீளம். எட்டாவது நிமிடத்தில் ஒரு தகவல் பிழை வரும், தேதி தப்பாக இருக்கும், திருத்தக் கை பரபரக்கும். திருத்தாதீர்கள். தேதிக்காக யாரும் பத்து வருடம் பேசாமல் இருந்ததில்லை.

ஊகிப்பதை விடக் கேட்பது மேல் என்பதற்கு வலுவான சான்று உண்டு. இன்னொருவர் இடத்தில் நம்மை வைத்துக் கற்பனை செய்து பார்த்தால் அவர் மனதைச் சரியாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று நாம் நம்புகிறோம். ஐயால், ஸ்டெஃபல், எப்லி ஆகியோர் 2018இல் வெளியிட்ட தொடர் பரிசோதனைகளில் அந்தக் கற்பனை கணிப்பைத் துல்லியமாக்கவில்லை. நேரே கேட்டுத் தெரிந்துகொண்டவர்களே சரியாகச் சொன்னார்கள். "எனக்குப் புரியுது, நானும் ஒரு தாய்தானே" என்று ஆரம்பிக்கும் பரிவு பல நேரம் தவறான இடத்தில் மருந்து தடவுகிறது.

"ஏன்" என்று தொடங்கும் கேள்வி எதையும் கேட்காதீர்கள். "ஏன் அப்பவே சொல்லல?" என்பது தமிழில் கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு. அதற்குப் பதில் "அதுக்கப்புறம் என்ன மாறிச்சு?" என்று கேளுங்கள். இதற்கு வரும் பதில்தான் காயத்தின் உண்மையான அளவு. "அதுக்கப்புறம் நான் உங்க வீட்டுல சாப்பாட்டுல கை வைக்கறப்பெல்லாம் யோசிச்சுதான் வைக்கிறேன்" என்று மருமகள் சொன்னால், ஆறு வருடச் சாப்பாடு அதில் இருக்கிறது.

அவர் முடித்ததும், கேட்டதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்கள்: "நான் அப்படிச் சொன்னதும் உங்களுக்கு எல்லார் முன்னாடியும் நிக்க முடியல. அன்னையிலிருந்து இந்த வீட்டுல யோசிச்சுதான் சாப்பிடுறீங்க. சரியா புரிஞ்சுக்கிட்டேனா?" அவர் "இல்லை" என்றால் மறுபடி கேளுங்கள். "ஆமாம்" வரும்வரை ஆறாவது படிக்குப் போகக் கூடாது.

அவர் அழுதால் அழட்டும். தண்ணீர், டீ, தோளைத் தட்டுவது எல்லாம் அழுகையை நிறுத்தச் சொல்லும் சைகைகளே. கைக்குட்டையை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு இருங்கள். நீங்கள் அழ வேண்டாம். அடக்க முடியாமல் வந்தால் "என்னைப் பாக்காதீங்க, நீங்க சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடிபட்டவர் எழுந்து உங்களைத் தேற்றத் தொடங்குவார். நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பழக்கம் எலும்பிலேயே இருக்கிறது.

6. மன்னிப்பைச் சொல்வது

நான்கு வாக்கியம். நான் சொன்னது இது. அது உங்களுக்கு இதைச் செய்தது. அப்படிச் சொன்னது என் தப்பு. இனி நான் இதைச் செய்வேன். ராய் லெவிக்கியும் அவர் குழுவும் 2016இல் மன்னிப்பின் ஆறு பகுதிகளை ஒப்பிட்டபோது, பொறுப்பை ஏற்பது முதலிடத்திலும், சரிசெய்ய முன்வருவது அடுத்தும் வந்தன. மன்னிக்கச் சொல்லிக் கேட்பது கடைசியில் நின்றது.

அந்தக் கடைசி விஷயம் தமிழில் கூடுதல் கவனம் கேட்கிறது. "மன்னிச்சிடு", "மன்னிச்சிடுங்க" இரண்டும் ஏவல். உட்கார், எழுந்திரு என்பது போல எதிரில் இருப்பவருக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். புண்பட்டவர் உடனே ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். இல்லை என்றால் அவர் கல்நெஞ்சக்காரர். அதனால் அந்தச் சொல்லைத் தவிருங்கள். "நான் சொன்னது தப்பு" என்று நிறுத்துங்கள். மன்னிப்பது அவர் நேரத்தில், அவர் விருப்பத்தில் நடக்கட்டும்.

நம் மொழி தப்பிக்க வேறு வாசல்களும் வைத்திருக்கிறது. "வாய் தவறிடுச்சு" என்றால் தவறியது வாய். "வார்த்தை வந்துடுச்சு" என்றால் அதுவே நடந்து வந்தது. "மனசு புண்பட்டிருந்தா" என்றால் புண்பட்டதே இன்னும் சந்தேகத்தில் இருக்கிறது. மூன்றையும் "நான் சொன்னேன்" என்று மாற்றுங்கள். "ஆனா" என்ற சொல்லை அன்று முழுக்கத் தள்ளிவையுங்கள், அது தனக்கு முன்னால் வந்த எல்லாவற்றையும் அழித்துவிடும். "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பதும் வேண்டாம். எதிரில் இருப்பவருக்கு விளையாட்டுக்கூடத் தெரியவில்லை என்று இரண்டாவது அவமானம் சேரும்.

வசைச்சொல் என்றால் அதை மறுபடி உச்சரிக்காமல் "அந்தச் சொல்லை" என்று சொல்லுங்கள்.

பெரியவர் சின்னவரிடம் சொல்வதுதான் நம் குடும்பங்களில் கடினமான இடம். மரியாதை போய்விடும் என்ற பயம். ஒரு மாமியார் மருமகளிடம் சொல்ல இப்படி ஒரு வடிவம் இருக்கிறது: "பொங்கலன்னைக்கு உன் அம்மா வீட்டைப் பத்தி நான் பேசினேன். உன் நாத்தனார் முன்னாடி பேசினேன். அது உன்னைத் தலை குனிய வச்சிருக்கு. நான் செஞ்சது தப்பு. இனி உன் பொறந்த வீட்டைப் பத்தி என் வாயிலிருந்து ஒண்ணும் வராது." இதில் எங்கும் கெஞ்சல் இல்லை. வயதுக்குரிய மரியாதை அப்படியே இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது.

இன்னொரு பழக்கம். சொல்லுக்குப் பதில் சோறு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஒரு டப்பாவில் போகும், "சாப்பிட்டுப் பாக்கச் சொன்னாங்க" என்று பேரன் கொண்டு கொடுப்பான். அதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என்ன தப்பு நடந்தது என்று பிரியாணி சொல்லாது. வாங்கிக்கொண்டவர் கேள்வியையும் விழுங்க வேண்டியதாகிறது. டப்பா போகட்டும், நான்கு வாக்கியத்துக்குப் பிறகு.

7. கேட்டவர்கள் முன்னால் சரிசெய்வது

நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு சுவருக்குள் மட்டும் சரிசெய்தால், அந்த நாலு பேர் மனதில் பழைய சொல்தான் நிற்கும். இரண்டாவது படியில் எழுதிய பெயர்கள் இங்கே உதவும். ஆனால் புண்பட்டவரிடம் கேட்காமல் ஒருவரிடமும் பேசாதீர்கள். சிலருக்கு அந்தப் பேச்சு மறுபடி எழவே கூடாது.

அவர் சம்மதித்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி: "சனிக்கிழமை நான் தம்பியைப் பத்திச் சொன்னது தப்பு. அதை யாரும் திரும்பச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிறேன்." விளக்கம் வேண்டாம், கும்பிடும் கைகளின் படமும் வேண்டாம். கீழே வாழ்த்துகள் குவிய ஆரம்பித்தால் நீங்கள் நல்லவராகி, அவர் மறுபடி மறைந்துபோவார்.

எழுத்தில் சொல்லியிருந்தால் அவசரமாக அழிக்காதீர்கள். அழித்த தடம் "இவர் மறைக்கிறார்" என்றே பேசும். வைப்பதா அழிப்பதா என்று அவரிடமே கேளுங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம் உண்டு, அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

8. பிள்ளைகளிடம் என்றால் வரிசை சுருங்கும்

பெரியவரிடம் சில நாள் பொறுக்கலாம். பிள்ளையிடம் அன்றைக்கே. காரணம், பிள்ளை அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும்: நான் மக்குதான், அதனால்தான் அம்மா சொன்னாள். மார்ட்டின் டைச்சரும் அவர் குழுவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் வாயால் செய்த கொடுமைக்கும் இளம் வயதில் தெரியும் மனச்சோர்வு, பதற்றம், கோபம் ஆகியவற்றுக்கும் கணிசமான தொடர்பு இருந்தது. அடிக்காத வீடு என்பதால் மட்டும் பாதுகாப்பான வீடு ஆகிவிடாது.

அவன் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். ஐந்து நிமிடம் போதும். "அம்மா உன்னை மக்குன்னு சொன்னேன். நீ மக்கு இல்ல. அம்மாவுக்குக் கோபம், அது உன்னால வந்தது இல்ல. இனி கோபம் வந்தா நான் அந்த ரூமுக்குப் போயிடுவேன்." சாக்லேட் வாங்கிக் கொடுக்காதீர்கள். வலிக்கு விலை உண்டு என்று பிள்ளை கற்றுக்கொள்வான்.

ஜனவரியில் மேட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வரும் வாரம் நம் வீடுகளில் நாக்கு மிக அதிகமாகச் சுடும் வாரம். பெரியப்பா மகனோடு ஒப்பிடும் ஒரு வாக்கியம் அந்தப் பிள்ளையோடு பல்கலைக்கழகம் வரைக்கும் நடந்து போகும். முடிவு வரும் முன்பே வீட்டில் ஒரு விதி வையுங்கள்: முதல் 24 மணி நேரம் மதிப்பெண் பற்றி யாரும் எதையும் சொல்லக் கூடாது, உறவினர் போன் வந்தால் பெற்றோரே எடுக்க வேண்டும்.

பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தாலும், அறையை விட்டு வராவிட்டாலும், ஆயாவோடு பேசிக்கொண்டிருந்த கொஞ்சத் தமிழையும் நிறுத்திவிட்டாலும் கவனியுங்கள். சைல்ட்லைன் என்ற பிள்ளைகளுக்கான உதவி எண் 116 இலவசம், பிள்ளையே அழைத்துப் பேசலாம். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எந்தப் படிக்கும் காத்திருக்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 0800 567 567ஐ அழையுங்கள்.

9. வீட்டில் வேலை செய்பவரிடம்

இதைத் தனியாக எழுதக் காரணம், நம்மில் பலர் இதை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஐம்பது வயதுப் பெண்ணை "கேர்ள்" என்றும், தோட்டம் வெட்டும் தாத்தாவை ஆங்கிலத்தில் பையன் என்று பொருள்படும் "பாய்" என்றும் அழைப்பது இந்த நாட்டில் பழைய நிறவெறி ஆட்சியின் பேச்சு. கூலி என்ற சொல் நமக்கு எப்படியோ, இது அவர்களுக்கு அப்படியே.

அவருடைய ஸூலு மொழிப் பெயரைக் கேளுங்கள். வாயில் நுழையவில்லை என்று முந்தைய முதலாளி யாரோ வைத்த ஆங்கிலப் பெயரால் அவரை அழைத்துக்கொண்டிருக்கலாம். நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் ஒலி வரும் பெயராக இருந்தாலும் பத்து முறை சொல்லிப் பழகினால் வரும். வயதானவர் என்றால் "மா", "பாபா" என்று அழையுங்கள். சம்பளம் வாங்குபவர் உங்கள் முகத்துக்கு நேரே "ஆமாம், வலித்தது" என்று சொல்வது அவருக்கு எளிதல்ல. ஆகவே இங்கே மட்டும் ஐந்தாவது படியை வற்புறுத்தாதீர்கள். நான்கு வாக்கியம் சொல்லுங்கள், பதில் எதிர்பார்க்காதீர்கள், அடுத்த நாளிலிருந்து மாறிய அழைப்பு காதில் விழட்டும்.

10. சட்டம் எங்கே வருகிறது

தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில், வெறுப்புப் பேச்சுக்கான அளவுகோல்களில் ஒன்றாகப் "புண்படுத்தும்" சொல் என்பதும் இருந்தது. 2021 ஜூலை 31 அன்று குவெலானே என்ற பத்திரிகையாளர் தொடர்பான வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பகுதி தெளிவற்றது என்று சொல்லி நீக்கியது. தீங்கு விளைவிக்கும் அல்லது தீங்குக்குத் தூண்டும், வெறுப்பைப் பரப்பும் பேச்சுத்தான் இப்போது அதன் கீழ் வரும். ஆகவே வீட்டில் சொன்ன பெரும்பாலான சொற்களைச் சட்டம் எடைபோடாது.

இன வசை என்றால் நிலைமை வேறு. சமத்துவ நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலும் புகார் கொடுக்கலாம், நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கும்படி அந்த நீதிமன்றம் ஆணையிடலாம். இன்னொருவரின் மானத்தைக் கெடுப்பது குற்றமாகவும் வழக்குக்குப் போகும். 2018இல் காவலர்களை இன வசைச்சொல்லால் திட்டிய ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்து, அதில் ஓராண்டை நிறுத்திவைத்தார்கள். புண்பட்டவர் அந்த வழியில் போகிறார் என்றால் அது அவர் உரிமை. "கேஸை வாபஸ் வாங்கு, நான் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று பேரம் பேசினால் மன்னிப்பு அந்த நிமிடமே செத்துவிடும்.

11. அடுத்த ஆறு மாதம்

நான்காவது வாக்கியத்தில் கொடுத்த வாக்குறுதியை இப்போதுதான் பார்ப்பார்கள். "இனி கோபப்பட மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் இரண்டே வாரத்தில் பொய்யாகிவிடும். "சாப்பாட்டு மேசையில் வேலை பற்றிக் கேட்க மாட்டேன்" என்பது போலக் கண்ணுக்குத் தெரிகிற, எண்ணக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்த இடம் வரும்போது சொல்வதற்கு ஒரு மாற்று வாக்கியம் தயாராக இருக்கட்டும். கோபத்தில் புதிதாக யோசிக்க முடியாது, பழகியதுதான் வாயில் வரும். "இதைப் பத்தி நாளைக்குப் பேசுவோம்" என்பதை முப்பது தடவையாவது சும்மா சொல்லிப் பழகுங்கள். அருகில் இருக்கும் ஒருவரிடம், குரல் ஏறினால் மேசையை இரண்டு முறை தட்டச் சொல்லி வையுங்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை "எப்படி இருக்கு இப்போ?" என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை கேட்டால் அது தொல்லை. கல்யாணம், காவடி, தீபாவளி என்று அதே கூட்டம் மறுபடி சேரும் நாட்களில் பழைய வலி திரும்பி வரும். அவர் முகம் சுருங்கினால் "இன்னுமா?" என்று கேட்காதீர்கள். காட்மனின் கணக்குப்படி, நிலைத்து நிற்கும் தம்பதியரிடம் சண்டையின் நடுவில்கூட ஒரு கெட்ட தருணத்துக்கு ஐந்து நல்ல தருணம் இருந்தது. ஒரு கல்யாண வசைக்கு எத்தனை சாதாரண ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்படும் என்று அதை வைத்துப் பாருங்கள்.

மறுபடி சொல்லிவிட்டால்? நடக்கும். அன்றைக்கே இரண்டாவது படிக்குத் திரும்புங்கள். "போன தடவைதான் கேட்டேனே" என்று விட்டுவிட்டால் முதல் மன்னிப்பும் போய்விடும்.

12. அவர் பேச மறுத்தால்

சிலர் வர மாட்டார்கள். அத்தையையோ சித்தப்பாவையோ தூது அனுப்பாதீர்கள். மறுத்தவர் மேல் குடும்பமே பாரமாக விழும்.

ஒரு கடிதம் எழுதுங்கள், கையால், ஒரு பக்கத்துக்குள். நான்கு வாக்கியமும் அதில் இருக்கட்டும். அவர் பேசாததால் "அது உங்களுக்கு இதைச் செய்தது" என்ற இடத்தில் ஊகத்தை நிரப்பாதீர்கள். "உங்களுக்கு அது என்ன செய்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை. எப்போது சொன்னாலும் கேட்பேன்" என்று எழுதுங்கள். எழுதி இரண்டு நாள் வைத்திருந்து, மறுபடி வாசித்து, உங்கள் கஷ்டத்தைச் சொல்லும் வரிகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டுச் சுத்தமாகப் படி எடுங்கள்.

அவர் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள், வாசலில் நிற்க வேண்டாம். வழக்கமாக அனுப்பும் தீபாவளிப் பலகாரத் தட்டு இந்த வருடமும் போகட்டும், சீட்டு எதுவும் வைக்காமல். எதுவும் அனுப்பாதே என்று அவர் சொல்லியிருந்தால் தட்டும் போகக் கூடாது.